1000 அடியில் எஞ்சின் நின்றால்

இரத்மலானை ஓடுபாதையிலிருந்து கடல் பக்கமாகக் கிளம்பும் சிறிய விமானத்துக்குக் கீழே முதலில் காலி வீதி, பிறகு வீட்டுக் கூரைகள், பிறகு கரையோர ரயில் பாதை. அதற்கப்பால் கடல்தான். காற்றை எதிர்த்தே கிளம்ப வேண்டும் என்பதால், தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் பெரும்பாலும் இந்தத் திசைதான் வாய்க்கும். ஒற்றை எஞ்சின் நின்றுபோக இதைவிடப் பொல்லாத இடம் கொழும்பில் இல்லை என்றே சொல்வேன்.

ஆனாலும் எஞ்சின் நின்றதும் விமானம் விழுந்துவிடாது. அதைத் தூக்கி நிறுத்துவது சிறகைச் சுற்றி ஓடும் காற்று. அந்த ஓட்டத்துக்கு வேண்டிய வேகத்தைத் தருவதுதான் எஞ்சினின் வேலை. எஞ்சினை அணைத்த மோட்டார் சைக்கிள் கடுகண்ணாவை இறக்கத்தில் ஓடுவதுபோல, விமானமும் உயரத்தை இழந்து இழந்து வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். அதற்காகத்தான் விமானி உடனே மூக்கைத் தாழ்த்துகிறார். செஸ்னா 172 என்றால் மணிக்குச் சுமார் 120 கிலோமீற்றர் வேகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த வேகத்தில் ஓர் அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய 9 அடி முன்னே போகும். 1000 அடி உயரம் கையில் இருந்தால், காற்றில்லாத நாளில் 2.7 கிலோமீற்றர். நேரம் 80 விநாடி அளவில். மூக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் இன்னும் தூரம் போகலாம் என்று கை சொல்லும். கையை நம்பக்கூடாது, வேகம் குறையும், இறங்கும் சாய்வு இன்னும் செங்குத்தாகும்.

இந்த 80 விநாடிக்குள் எஞ்சினை மீண்டும் உயிர்ப்பிக்கவும் பார்க்க வேண்டும். பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றர் உள்ள பழைய எஞ்சின்களில் முதல் சந்தேகம் பனிக்கட்டி. கொழும்பு வெயிலில் பனிக்கட்டியா என்று சிரிக்க வேண்டாம். பெற்றோல் ஆவியாகும்போதும், குறுகிய குழாய்க்குள் காற்று விரியும்போதும் உள்ளே வெப்பநிலை 20 பாகைக்கும் மேல் இறங்கக்கூடும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. அந்த ஈரம் உறைந்து வழியை அடைத்துவிடும். வெளியே 30 பாகை இருக்கும்போதுகூட இது நடக்கலாம். சூடான காற்றை உள்ளே விடும் பிடியை இழுப்பதே மருந்து. அந்தச் சூடு புகைக்குழாயிலிருந்து வருவது, எஞ்சின் நின்றதும் ஆறத் தொடங்கிவிடும், ஆகவே தாமதிக்க முடியாது. பிறகு எரிபொருள் தாங்கியை மாற்றிப் பார்ப்பது, பெற்றோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் கலவைப் பிடியைச் சரிபார்ப்பது. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இரண்டு மெக்னீற்றோக்கள் தனித்தனியே இருப்பதால் குற்றம் பெரும்பாலும் அங்கே இருக்காது.

கிளம்பிய கையோடு, 300 அல்லது 400 அடியில் நின்றால் இதற்கெல்லாம் நேரமில்லை. ஓடுபாதை முதுகுக்குப் பின்னால்தானே இருக்கிறது, திரும்பிவிடலாம் என்று தோன்றும். பலரைக் கொன்றது அந்த எண்ணம்தான். 45 பாகை சாய்த்து அரைவட்டம் அடித்தாலும் விமானம் ஓடுபாதைக்கு 200 மீற்றருக்கு மேல் விலகித்தான் நிற்கும். அதை எட்ட மேலும் வளைய வேண்டும், பிறகு எதிர்ப்பக்கம் வளைந்து நேராக்க வேண்டும். சாய்ந்து திரும்பும்போது சிறகுக்குச் சுமையும் கூடுகிறது. நேராகப் பறக்கையில் வேகம் மணிக்கு 90 கிலோமீற்றருக்குக் குறையும்வரை தாங்கும் சிறகு, 45 பாகைச் சாய்வில் 107இலேயே கைவிட்டுவிடும். 60 பாகையில் 127. மிதந்து வரும் வேகமோ வெறும் 120! ஒரு சிறகு முதலில் தோற்று விமானம் சுழலத் தொடங்கினால், அந்த உயரத்தில் மீள இடமில்லை. அதனால்தான் முன்னாலேயே இறங்கு, இடமோ வலமோ சற்றே ஒதுங்கு என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

முன்னால் எங்கே? 1942இல் கொழும்பின் குதிரைப் பந்தயத் திடலையே போர் விமானங்கள் ஓடுபாதையாக்கிக்கொண்டன. இன்றைய கொழும்பில் அந்த வசதி ஏது! வடகிழக்காகக் கிளம்பியவருக்கு அத்திட்டிய சதுப்பு நிலம் இருக்கிறது, அது அவ்வளவு மோசமில்லை. மணிக்கு 80 கிலோமீற்றரில் தரை தொடும் விமானம் ஒரே சீராக 9 ஜி விசையுடன், அதாவது புவியீர்ப்பைப்போல் 9 மடங்கு விசையுடன், நின்றால் அதற்கு 3 மீற்றர்கூடத் தேவையில்லை. பட்டியை இறுக்கிக் கட்டிய மனிதர் அதைத் தாங்குவார். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. ஆகவே சிறகு புதருக்குப் போனாலும் போகட்டும், ஆள் இருக்கும் அறை மெதுவாக, மூக்கு மட்டமாகத் தொட வேண்டும்.

கடல் என்றால் அலையின் மடிப்புக்கு இணையாக இறங்குவார்கள். மடங்காத சக்கரம் தண்ணீரைத் தொட்டதும் விமானம் குப்புறக் கவிழக்கூடும். கதவுச் சட்டம் நெளிந்தால் கதவு இறுகிவிடும் என்பதால் வானில் இருக்கும்போதே தாழ்ப்பாளைத் திறந்து வைப்பார்கள். உயிர்காப்பு அங்கியை விமானத்துக்குள் இருக்கும்போது ஊதவே கூடாது: தண்ணீர் புகுந்த அறையில் அது ஆளை மேலே தூக்கி ஒட்டவைத்துவிடும், கதவுக்கு இறங்க விடாது.