பேட்டரி செத்தாலும் ஃபைல் சாகாது

அண்ணியின் லேப்டாப்பில் சார்ஜரைச் செருகினால் ஆரஞ்சு விளக்கு மூன்று முறை மினுக்கும், அப்புறம் அணைந்துவிடும். பவர் பட்டனை எவ்வளவு நேரம் அமுக்கினாலும் ஃபேன் ஒரு சுற்றுகூடச் சுற்றாது. கடையில் காட்டியதற்கு, "போர்டு போச்சு, டேட்டாவை மறந்துடுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுப்பவர் அவர். 11 வருஷ வினாத்தாள்கள் அதற்குள்தான் இருந்தன. "எல்லாம் போயிடுச்சா தம்பி?" என்றார்.

மதர்போர்டு போனது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் போர்டு போனால் ஃபைலும் போய்விடும் என்பது, வீட்டில் ஃபியூஸ் போனதால் பீரோவில் இருந்த துணி காணாமல் போய்விட்டது என்று சொல்வதைப் போல.

ஃபைல்கள் குடியிருக்கும் எஸ்எஸ்டிக்கு, எழுதவும் படிக்கவும்தான் மின்சாரம் வேண்டும். எழுதியதை வைத்திருக்க வேண்டாம். அதன் ஃபிளாஷ் சிப்புக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள் உண்டு. ஒவ்வோர் அறைக்கும் மின்சாரம் கடத்தாத சுவர். எழுதும்போது கூடுதல் வோல்ட் கொடுத்து எலக்ட்ரான்களைச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள். வோல்ட்டை எடுத்துவிட்டால் அவை வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கிடக்கும். எவ்வளவு கிடக்கிறது என்று அளந்து பார்ப்பதுதான் 'படிப்பது'. இன்று பரவலாக இருக்கும் டிஎல்சி வகையில் ஓர் அறையில் 8 மட்டங்களைப் பிரித்துப் பார்த்து 3 பிட் வைக்கிறார்கள். எலக்ட்ரானை இப்படிச் சிறை வைக்கும் யோசனை 1967-இல் பெல் ஆய்வகத்தில் தவோன் காங், சைமன் ஸீ இருவரிடம் பிறந்தது. அதை ஃபிளாஷ் நினைவகமாக்கியவர் தோஷிபாவில் இருந்த ஃபுஜியோ மசுவோகா, 1980-களில். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் எலக்ட்ரானுக்குப் பதில் காந்தம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சிறை என்றாலும் ஆயுள் தண்டனை இல்லை, மெல்லக் கசியும். எழுதி எழுதித் தேய்ந்துபோன எஸ்எஸ்டிகூட, மின்சாரமே இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தாங்க வேண்டும் என்பது, சிப் துறைக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பு வீட்டு உபயோக எஸ்எஸ்டிகளுக்கு வைத்திருக்கும் விதி. வெயில் காயும் பரணில் மூன்று வருஷம் போட்டு வைப்பது வேறு கதை. சூடு ஏற ஏறக் கசிவும் கூடும்.

சரி, கோளாறு எங்கே? சுவரில் இருந்து வரும் 230 வோல்ட்டை அடாப்டர் 19 வோல்ட் டிசியாக மாற்றி அனுப்புகிறது. போர்டில் நுழைந்ததும் அதை மாஸ்ஃபெட் எனும் இரண்டு குட்டி மின் சுவிட்சுகள் வாசல் கதவு மாதிரி மறிக்கும். சார்ஜிங்கைக் கவனிக்கும் ஐசி (சிப்) பார்த்து, சரியான அடாப்டர்தான் என்று சொன்னால் கதவு திறக்கும். அதற்கப்புறம் 19 வோல்ட் உடைந்து 5, 3.3 வோல்ட் என்று கிளை பிரிகிறது. லேப்டாப் அணைந்திருக்கும்போதும் ஒரு குட்டி கட்டுப்பாட்டுச் சிப் இந்த 3.3-ஐக் குடித்துக்கொண்டு விழித்திருக்கும். பவர் பட்டனின் அழுத்தம் போய்ச் சேருவது அதனிடம்தான். இந்தத் தொடரில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே தெரிவது ஒரே காட்சி, கறுப்புத் திரை.

பேட்டரி மட்டும் செத்தால் அடாப்டரில் ஓட வேண்டியதுதானே என்று தோன்றும். பல லேப்டாப்புகள் ஓடவும் செய்யும். ஆனால் இப்போது வரும் பலவற்றில் போர்டின் பிரதான மின்தடமே பேட்டரியோடு பின்னிக் கிடக்கிறது. அடாப்டர் மின்சாரத்தைப் பேட்டரியின் வோல்ட் அளவுக்கு இறக்கித்தான் போர்டுக்குக் கொடுப்பார்கள். பேட்டரி ஷார்ட் ஆனால் தடம் முழுவதும் சேர்ந்து படுத்துவிடும். அதனால் பின்மூடியைக் கழற்றினால் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. அப்படியே பவர் பட்டனை 30 விநாடி அமுக்கிப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்து, அந்தக் குட்டிச் சிப் குழப்பத்தில் இருந்து மீளும். பிறகு அடாப்டரைச் செருகிப் பார்க்கலாம். கேட்க மந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் சில லேப்டாப்புகள் இதற்கே எழுந்துவிடும்.

யூஎஸ்பி-சி சார்ஜர் என்றால் இன்னொரு வழியும் உண்டு. அது முதலில் 5 வோல்ட் மட்டுமே கொடுக்கும். லேப்டாப்பில் உள்ள ஒரு சிப் அந்த 5 வோல்ட்டில் கண்விழித்து, "எனக்கு 20 வேண்டும்" என்று பேரம் பேசினால்தான் ஏறும். நடுவில் ஒரு சின்ன யூஎஸ்பி மீட்டரைச் செருகிப் பாருங்கள். 5-லேயே நின்றால் பேச்சுவார்த்தையே நடக்கவில்லை என்று அர்த்தம். கேபிளையோ, போர்ட்டையோ, அந்தச் சிப்பையோ சந்தேகப்படலாம்.

அண்ணியின் லேப்டாப்பைத் திறந்தபோது பேட்டரி அப்பளம் மாதிரி உப்பி, டச்பேடை மேலே தூக்கிக்கொண்டிருந்தது. உள்ளே எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். இதைக் குத்தவோ நெம்பவோ கூடாது, சார்ஜ் போட்டுப் பார்க்கவே கூடாது. கனெக்டரை எடுத்துவிட்டு அடாப்டரைச் செருகினேன். விளக்கு மறுபடியும் மூன்று முறை மினுக்கி அணைந்தது. போர்டு விஷயத்தில் கடைக்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது எஸ்எஸ்டியைக் கழற்றுவது. ஒரே ஒரு ஸ்க்ரூ. அதை எடுத்ததும், சூயிங்கம் பட்டை அளவில் 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமுமான எம்.2 அட்டை தானாகவே எம்பி நின்றது. கடையில் 'கேசிங்' என்று கேட்டால் இதைச் செருகி யூஎஸ்பியில் மாட்டும் பெட்டி கிடைக்கும். அட்டையின் முனையில் ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு இருந்தால் சாட்டா. எஸ்எஸ்டி கம்ப்யூட்டரோடு பேசும் இரண்டு வேறு முறைகள் இவை. இதைப் பார்க்காமல் கேசிங் வாங்கினால் இன்னொரு முறை கடைக்கு நடக்க வேண்டும். நான் நடந்தேன்.

வேறு கம்ப்யூட்டரில் செருகியதும் டிரைவின் மேல் ஒரு பூட்டுப் படம் வந்தது. இன்றைய நிஜமான சிக்கல் இதுதான், மின்சாரம் அல்ல. விண்டோஸ் பல லேப்டாப்புகளில் சத்தமில்லாமல் பிட்லாக்கர் பூட்டைப் போட்டு வைக்கிறது. சாவியை வைத்திருப்பது செத்துப்போன போர்டில் உள்ள டிபிஎம் எனும் பாதுகாப்புச் சிப். டிரைவ் வேறு கம்ப்யூட்டருக்குப் போனால் அந்தச் சாவி அதனுடன் வராது. 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் யாரிடம் போனாலும் திறக்காது. 'திறந்து தருகிறேன்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நல்லவேளை, அந்த எண் அண்ணியின் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே பத்திரமாக இருந்தது. அங்கே இரண்டு மூன்று எண்கள் கிடந்தால் திரையில் தெரியும் அடையாளக் குறியின் முதல் 8 எழுத்துகளை ஒப்பிட்டுச் சரியானதை எடுக்கலாம்.

மேக்புக்கில் இந்த வழியே கிடையாது. இப்போதைய மாடல்களில் ஃபிளாஷ் சிப்புகள் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். 2018-க்குப் பிறகு வந்த மேக்புக் ப்ரோக்களில் பூட்டின் சாவி, ஆப்பிளின் சொந்தச் சிப்பான டி2 அல்லது எம் வரிசைச் சிப்புக்குள். ஃபைல் வேண்டும் என்றால் அந்தப் போர்டையே சில மணி நேரமாவது உயிர்ப்பிக்க வேண்டும். அதற்கு ரிப்பேர் செய்பவர்கள் வைத்திருக்கும் ஒரு வித்தை பார்க்க அழகாக இருக்கும். ஷார்ட் ஆன தடத்தில் குறைந்த வோல்ட்டில் மின்சாரம் ஏற்றி, போர்டின் மேல் ஆல்கஹாலைப் பரப்புவார்கள். எங்கே முதலில் காய்கிறதோ, அங்கேதான் சூடு. பழுதான கெபாசிட்டர் பெரும்பாலும் அங்கே உட்கார்ந்திருக்கும். கடுகில் பாதிகூட இருக்காது. சில சமயம் அதை எடுத்து வீசினாலே போர்டு எழுந்துவிடும்.

டிரைவைச் செருகியதும் "ஃபார்மேட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய பயனரின் ஃபோல்டரைத் திறக்கும்போது "அனுமதி இல்லை" என்று வந்தால் பதற வேண்டாம், அது புதுக் கம்ப்யூட்டருக்கு உங்களைத் தெரியாததால் வருவது. தொடரச் சொன்னால் திறக்கும். கேசிங்கில் டிரைவ் விட்டு விட்டுத் தெரிந்தால் மட்டும் மவுஸால் இழுத்துக் காப்பி போடாமல், டிடிரெஸ்க்யூ மாதிரி ஒரு நிரலால் முழு டிரைவையும் முதலில் நகல் எடுப்பது நல்லது. அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, அடம்பிடிக்கும் பகுதிகளைக் கடைசியில்தான் சுரண்டும்.

அண்ணியின் டிரைவ் அடம்பிடிக்கவில்லை. எங்கே ஏற்றுவது என்று கேட்டதற்கு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைக் கொடுத்தார். மொத்தம் 57 ஜிபி இருந்தது. எதை விடலாம் என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். 11 வருஷ வினாத்தாள்கள் ஒரு ஜிபிகூட வரவில்லை. மிச்சத்தில் பெரும்பகுதி வாட்ஸ்அப் வீடியோ.