மேடும் இல்லை, பள்ளமும் இல்லை: பிறகு மை எங்கே ஒட்டுகிறது?

வீட்டில் லினோ என்னும் மெத்தென்ற தரைவிரிப்புத் துண்டைச் செதுக்கிச் சின்னச் சின்ன வாழ்த்து அட்டைகள் அச்சடிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "லினோவில் வேண்டாத இடத்தைச் செதுக்கி எடுத்துவிடுகிறோம். மேடாக நிற்கிற இடத்தில் மட்டும் மை ஏறுகிறது. இது புரிகிறது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆஃப்செட் எந்திரத்தில் மாட்டும் அச்சுத் தகட்டை, அதாவது ஆஃப்செட் பிளேட்டை, தடவிப் பார்த்தேன். எழுத்து கையில் தட்டுப்படவே இல்லை. அப்புறம் மை எப்படி எழுத்தில் மட்டும் ஒட்டுகிறது?"

இதற்கு "எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பி வேலையில் இறங்கினால் முதல் தாளே முழுக்கக் கறுப்பாகத்தான் வரும்.

இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வாழ்ந்த அலோய்ஸ் செனஃபெல்டர். நாடகம் எழுதியவர். தன் நாடகங்களைத் தானே அச்சிட நினைத்தார். செப்புத் தகடு வாங்கக் கட்டுப்படியாகவில்லை. பவேரியாவில் தோண்டி எடுக்கிற வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எழுதிப் பழகினார். 1796இல் ஒருநாள், வெளுக்கப் போட்ட துணிகளின் கணக்கைக் குறித்துக்கொள்ளக் காகிதம் கிடைக்காமல், மெழுகும் சோப்பும் கரியும் கலந்த மையால் அந்தக் கல்லிலேயே எழுதிவைத்தார். முதலில் அமிலம் ஊற்றிக் கல்லை அரித்து, எழுத்தை மேடாக்கித்தான் அச்சிட்டார். மேடே தேவையில்லை, கல்லின் வேதியியலே போதும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது 1798 வாக்கில். கல்லச்சு, அதாவது லித்தோகிராஃபி, அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த வட்டாரத்து ஸோல்ன்ஹோஃபென் கல்லில்தான் புகழ்பெற்ற ஆதிப்பறவையின் புதைபடிவமும் கிடைத்தது. 1861இல் அதற்கு வைத்த ஆர்க்கியாப்டெரிக்ஸ் லித்தோகிராஃபிக்கா என்ற பெயரில் அச்சுக்கல்லும் சேர்ந்துகொண்டது.

இப்போது கல்லுக்கு வருவோம். சுண்ணாம்புக் கல் என்றால் கால்சியம் கார்பனேட். அதன் மேல் கொழுப்பும் சோப்பும் சேர்ந்த கிரேயானால் படம் வரைகிறோம். பிறகு கல் முழுவதும் அரபுப் பிசினைக் கரைத்துப் பூசுகிறோம். கூடவே சில சொட்டு நைட்ரிக் அமிலம். அரபுப் பிசின் வேறொன்றுமில்லை. நம் கருவேலம் பிசினுக்கு நெருங்கிய உறவு, பெரும்பாலும் சூடானிலிருந்து வருவது.

அமிலம் கிரேயானில் உள்ள சோப்பை உடைத்துக் கொழுப்பு அமிலத்தை விடுவிக்கிறது. அது கல்லில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. இப்படி உண்டாகிற கால்சியம் சோப்பு தண்ணீரில் கரையாது. மூலக்கூறின் ஒரு முனை கல்லைப் பற்றியிருக்க, கொழுப்பு வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். படம் இல்லாத இடங்களில் பிசின் ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு கழுவினாலும் மிக மெல்லிய ஒரு படலம் தங்கிவிடும். அந்தப் படலத்துக்குத் தண்ணீர் என்றால் கொள்ளைப் பிரியம்.

அடுத்து ஒரு காரியம் செய்கிறார்கள். முதன்முறை பார்க்கிறவர்களுக்கு வயிறு கலங்கும். டர்பன்டைன் நனைத்த துணியால் வரைந்த படத்தையே துடைத்து எடுத்துவிடுகிறார்கள். கரி போய்விட்டது, மெழுகு போய்விட்டது, கல் ஏறக்குறைய வெறுமையாக இருக்கிறது. ஈரப் பஞ்சால் ஒருமுறை ஒற்றி, மை உருளையை ஓட்டினால் அழித்த படம் கோடு கோடாகத் திரும்பி வருகிறது. படம் இருந்தது கரியில் அல்ல, கல்லின் மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கும் மூலக்கூறுகளில்.

சரி, உருளை ஓடும்போது என்னதான் நடக்கிறது? எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் பகை எதுவும் கிடையாது. அவற்றின் மூலக்கூறுகளுக்கு இடையே ஈர்ப்பு இருக்கத்தான் செய்கிறது. தண்ணீருக்குத் தன் இனத்தின் மீது அதைவிடப் பல மடங்கு ஈர்ப்பு, அவ்வளவுதான். இந்த ஈர்ப்பால் மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும் விசைக்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். அறை வெப்பநிலையில் தண்ணீருக்கு அது மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். எண்ணெய்களுக்கு இதில் பாதிகூட வராது. கொழுப்பு வால்கள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் தண்ணீர் தன்னைச் சுருட்டிக்கொண்டு துளியாக ஒதுங்கிவிடும். பிசின் உள்ள இடத்தில் தட்டையாகப் பரவும்.

இதற்கு மேல் நடப்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும். பிசின் மையைத் தள்ளிவிடுவதில்லை. ஈரம் காய்ந்த கல்லில் உருளையை ஓட்டிப் பாருங்கள், பிசின் உள்ள இடத்திலும் மை ஏறிவிடும். காவல் காப்பது பிசினின் மேல் பரவியிருக்கும் தண்ணீர். அதுவும் எப்படி? தோற்றுப்போவதன் மூலம்! அச்சு மை தேனைவிடக் கெட்டியானது. உருளை கல்லை விட்டு மேலே எழும்பும்போது கல்லுக்கும் உருளைக்கும் நடுவே ஏதோ ஓர் இடத்தில் பிரிந்தாக வேண்டும். எது பலவீனமோ அது பிரியும். தண்ணீர் இருக்கும் இடத்தில் தண்ணீர்தான் பலவீனம். அது இரண்டு படலமாகக் கிழிகிறது. பாதி கல்லோடு நிற்கிறது, பாதி உருளையோடு போகிறது. மேலே உள்ள மை கல்லைத் தொடாமலே திரும்பிவிடுகிறது. கையை நனைத்துக்கொண்டு வடை தட்டினால் மாவு கையில் ஒட்டாமல் வருகிறதே, அங்கேயும் இதே கணக்குதான். படம் உள்ள இடத்தில் இடையே தண்ணீர் இல்லை. மை நேராகக் கொழுப்பு வாலைத் தொடுகிறது. அங்கே பிரிய வேண்டியது மைதான். அதுவும் பாதிக்குப் பாதியாகப் பிரிந்து, ஒரு பங்கைப் படத்தில் விட்டுவிட்டுப் போகிறது.

ஒவ்வொரு தாளுக்கும் கல்லை மறுபடி ஈரப்படுத்துவது இதனால்தான். போன தடவை பாதித் தண்ணீர் உருளையோடு போய்விட்டதே.

மேற்பரப்பில் உள்ள சிறு மாற்றம்கூட இவ்வளவு பேசும் என்பதால் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. சித்த மருத்துவத்தில் நெய்க்குறி என்று ஒரு சோதனை உண்டு. சிறுநீரில் ஒரு துளி எண்ணெய் விட்டு, அது பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாகப் பரவினால் பித்தம், முத்தாக நின்றால் கபம் என்பார்கள். பரப்பு இழுவிசையால் நோய் அறிவது அடிப்படையிலேயே அபத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். சிறுநீரில் பித்த உப்பு இருக்கிறதா என்று பார்க்க, கந்தகப் பொடியைத் தூவி மூழ்குகிறதா எனக் கவனிக்கும் ஹே சோதனை நவீன மருத்துவத்திலேயே இருக்கிறது. ஆனால் பாத்திரத்தில் லேசாகச் சோப்பு ஒட்டியிருந்தாலே எண்ணெய்த் துளியின் வடிவம் மாறிவிடும். யார் செய்தாலும் ஒரே விடை வருகிறதா என்று நோயாளியின் பெயரை மறைத்துச் சோதித்துக் காட்டட்டும். அதுவரை ஒரு துளி எண்ணெயைப் பார்த்து ஒருவருடைய நோயைச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

வீட்டில் செய்து பார்க்கக் கல் வேண்டாம். சமையலறை அலுமினியத் தாள் போதும். ஒரு தட்டையான அட்டையின் மேல் சுருக்கமில்லாமல் சுற்றி, மங்கலான பக்கம் வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் பேஸ்டலாலோ காய்ந்த சோப்புத் துண்டின் முனையாலோ வரையுங்கள். மேலே கோலா பானத்தை ஊற்றி, உடனே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் உண்டு; அது அலுமினியத்தின் மேற்புறத்தைச் சுத்தப்படுத்தித் தண்ணீர் பரவும்படி ஆக்குகிறது. சமையல் எண்ணெய் தொட்டுப் படத்தைத் துடையுங்கள். ஈரப் பஞ்சு, பிறகு எண்ணெய் மை. தண்ணீரில் கரையும் லினோ மை இங்கே உதவாது. மேலே காகிதத்தை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் படம் இறங்கிவிடும்.

விரலை மட்டும் ஜாக்கிரதையாக வையுங்கள். கோலா ஊற்றுமுன் தாளில் பட்ட பெருவிரல், படத்தின் ஓரத்தில் ரேகை ரேகையாக அச்சாகி வரும். நம் தோலின் எண்ணெயே அதற்குப் போதும். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு இந்த வேலையில் உட்காரவே கூடாது.

வாசகி தொட்டுப் பார்த்த ஆஃப்செட் பிளேட்டும் அலுமினியம்தான். நுண்ணிய சொரசொரப்பு ஏற்றி, மேலே ஆக்சைடு படலம் வளர்த்திருப்பார்கள். அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். எழுத்துள்ள இடத்தில் மட்டும் மையை ஏற்கும் பாலிமர் மெல்லிசாக நிற்கும். எந்திரத்தில் தண்ணீர் உருளை முதலில் வரும், மை உருளை அடுத்து. அங்கே ஓடுகிற தண்ணீரிலும் பல நேரம் அமிலமும் அரபுப் பிசினும் கலந்திருக்கும். பிளேட்டிலிருந்து மை நேராகத் தாளுக்குப் போகாமல் உருளையில் சுற்றிய ரப்பர் விரிப்பில் (பிளாங்கெட்) இறங்கித் தாளுக்கு வருவதால், எழுத்து இரண்டு முறை திரும்பி நேராகிவிடுகிறது. உங்கள் அலுமினியத் தாளில் அந்த வசதி இல்லை. அதனால் பெயரோ தேதியோ எழுதுவதாக இருந்தால் இடவலம் மாற்றி எழுதுங்கள். மை ஏற்றும்போது படம் இல்லாத இடம் கறுக்க ஆரம்பித்தால் உருளையை நிறுத்திவிட்டு உடனே ஈரப் பஞ்சால் துடையுங்கள். மை காய்வதற்குள் துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.