ஒரு மணி நேரம் கழித்து எடுக்கும் இரண்டாவது மாத்திரை

போதைப்பொருள் உட்கொண்டு மனம் கலங்கிய நிலையில் சிகிச்சைக்கு அழைத்து வரப்படும் இளைஞர்களைப் பற்றி, உடன் வந்தவரிடம் நான் முதலில் கேட்பது நேரத்தைத்தான்: எத்தனை மணிக்கு எடுத்தார், அதன் பிறகு மறுபடியும் எடுத்தாரா? என்ன எடுத்தார் என்பதற்கு நம்பகமான பதில் கிடைப்பது அரிது. மாயத்தோற்றம் தரும் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் ஏற்றிய 'ஸ்டாம்ப்' என்று விற்கப்படும் காகிதத் துண்டில் வேறு வேதிப்பொருள் ஏற்றப்பட்டிருக்கலாம். அப்படிப் பல நாடுகளில் பிடிபட்டவற்றுள், டி.ஓ.எம்., டி.ஓ.பி., டி.ஓ.சி. என்று சுருக்கப் பெயர்களால் அறியப்படும், ஆம்பெட்டமைன் என்ற ஊக்கப்பொருளின் வகையைச் சேர்ந்த செயற்கை சைக்கடெலிக் (புலனுணர்வை மாற்றி மாயத்தோற்றங்களை உண்டாக்கும்) பொருட்களும் உண்டு.

இவற்றில் டி.ஓ.எம். பற்றி மட்டுமாவது ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் டௌ கெமிக்கல் நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலாளர் அலெக்சாண்டர் ஷுல்கின் இதை உருவாக்கினார். 1967 கோடையில் கள்ளத்தனமாக எல்.எஸ்.டி. தயாரித்துவந்த ஔஸ்லி ஸ்டான்லி என்பவர் தயாரித்த டி.ஓ.எம். மாத்திரைகள், எஸ்.டி.பி. என்ற பெயரில் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் கூடிய இளைஞர்களிடையே ஆயிரக்கணக்கில் விநியோகிக்கப்பட்டன. ஒரு மாத்திரையில் இருந்தது 20 மில்லிகிராம். அதே ஆண்டு சாலமன் ஸ்னைடர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் தன்னார்வலர்களிடம் நடத்திய ஆய்வில், 3 மில்லிகிராமுக்குக் குறைவான அளவே லேசான உற்சாகத்தைத் தரப் போதுமானதாக இருந்தது; அதற்கு மேல் போகப் போக மாயத்தோற்றங்கள் தொடங்கின.

எல்.எஸ்.டி.க்குப் பழகியிருந்த அந்த இளைஞர்கள் முக்கால் மணி நேரத்தில் எதையாவது உணர்வோம் என்று எதிர்பார்த்தார்கள். இந்தப் பொருளோ மெல்ல மெல்லத்தான் ஏறும். உச்சத்தைத் தொடவே பல மணி நேரம் ஆகும். ஒன்றும் ஆகவில்லை என்று எண்ணி இன்னொரு மாத்திரையை விழுங்கியவர்கள், இரண்டும் சேர்ந்து ஏறியபோது அதிலிருந்து விடுபட வழியின்றித் தவித்தார்கள். 14 முதல் 20 மணி நேரம் நீடிக்கக்கூடியது என்று ஷுல்கின் பதிவு செய்திருக்கும் ஒரு நிலையில், அச்சம் பிடித்துக்கொண்டால் அது எத்தகைய வதை என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நகரின் மருத்துவமனைகளிலும், அதே ஆண்டு ஜூன் மாதம் அங்கே ஹைட்-ஆஷ்பரி பகுதியில் டாக்டர் டேவிட் ஸ்மித் தொடங்கியிருந்த இலவச மருத்துவமனையிலும் இத்தகையோர் வந்து குவிந்தார்கள்.

இத்தனை நேரம் நீடிப்பதற்கு மூலக்கூறின் அமைப்பே காரணம். ஆம்பெட்டமைன் சட்டகத்திலுள்ள ஒரு மெதில் தொகுதி, இத்தகைய பொருட்களைச் சிதைக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் நொதியிலிருந்து இதைக் காப்பாற்றுகிறது. மூளையில் செரட்டோனின் என்ற வேதித் தூதுப்பொருள் வந்து பொருந்தும் 2ஏ ஏற்பிகளைத் தூண்டி மாயத்தோற்றங்களை உண்டாக்கும் இப்பொருள், இரத்த நாளச் சுவர்த் தசையிலும் இருக்கும் அதே ஏற்பிகளைத் தூண்டி நாளங்களை இறுகச் செய்யவும் வல்லது. டி.ஓ.பி. உட்கொண்ட ஒருவருக்கு உடலெங்கும் இரத்த நாளங்கள் இறுகிய நேர்வு 1983ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. இக்குடும்பத்துக்கு நெருங்கிய புரோமோ-டிராகன்ஃபிளை என்ற பொருளை வேறொன்று என்று நம்பி உட்கொண்ட இளைஞர்கள் 2011இல் ஓக்லஹோமாவில் உயிரிழந்தார்கள்.

ஆகவேதான் இத்தகைய நோயாளியின் விரிந்த கண்மணிகளையும் உடல் வெப்பத்தையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், காலுறையைக் கழற்றி விரல் நுனிகளைத் தொட்டுப் பார்க்கிறோம். விரல்கள் சில்லென்று வெளிறியிருந்தாலோ, நகத்தை அழுத்தி விட்டதும் நிறம் திரும்பத் தாமதமானாலோ, அது காத்திருக்கக்கூடிய நிலை அன்று. வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில் இப்பொருட்கள் சிக்காமல் போகலாம் என்பதால், 'டெஸ்ட் நெகட்டிவ்' என்ற ஒரு வரியை நம்பி நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து.

பின்னாளில் மனிதர்களிடம் முறையான ஆய்வு அநேகமாக நின்றுபோனதால், மருத்துவ உலகம் இவற்றைப் பற்றி அறிந்ததில் பெரும்பகுதி நச்சுப் பாதிப்பு நேர்வுகளிலிருந்து திரண்டதே. இவற்றுக்கென்று தனி முறிமருந்தும் கிடையாது. வெளிச்சமும் இரைச்சலும் குறைந்த அறை, பதற்றத்தைத் தணிக்கும் பென்சோடையசெபின் மருந்து, உடல் வெப்பத்தைக் குறைத்தல், இரத்த அழுத்தக் கண்காணிப்பு, இவற்றோடு நெடுநேரம் அருகிருந்து கவனிக்கும் ஒருவர். சிகிச்சையின் பெரும்பகுதி இவ்வளவுதான். சற்றுத் தெளிந்ததுபோல் தோன்றினாலும் அன்றிரவு அவரைத் தனியே விடக்கூடாது.

நண்பர்கள் தாமதிப்பதற்குப் போலீஸ் பயமே பெரும்பாலும் காரணம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் டி.ஓ.எம்., டி.ஓ.பி. இரண்டும் உள்ளன என்பது உண்மைதான். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் அரசின் அல்லது அரசு அங்கீகரித்த நிலையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்று முடித்தால், பயன்படுத்தியதற்கான, சிறிய அளவு தொடர்பான வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. மயக்கமோ வலிப்போ கடுங்காய்ச்சலோ கண்டால் உடனே 108ஐ அழையுங்கள். மீதமிருக்கும் காகிதத்தையோ மாத்திரையையோ தூக்கி எறியாமல், எடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதி, இரண்டையும் மருத்துவரிடம் கொடுங்கள்.