லேப்டாப்பில் கிடக்கும் அந்த ரூட் சாவியை யாருக்கும் கொடுக்காதீர்கள்

டெவலப்மென்ட்டில் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் (ஒரு தளம் தான் யார் என்று பிரவுசருக்குக் காட்டும் அடையாள அட்டை) பிழை வந்தால் பலர் முதலில் செய்வது, சரிபார்ப்பையே அணைத்துவிடுவதுதான். ஜாவாஸ்கிரிப்ட்டைச் சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் அதற்கென்று ஒரே ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் போதும். ‘இப்போதைக்கு’ என்று போட்டது டாக்கர் ஃபைலுக்குள் நுழைந்து ப்ரொடக்‌ஷன் வரைக்கும் போய்விடும், அப்புறம் நடுவில் யார் இடைமறித்தாலும் உங்கள் சர்வருக்குத் தெரியவே தெரியாது.

உண்மையில் எல்லாருக்கும் லோக்கலில் எச்டிடிபிஎஸ் தேவையில்லை. லோக்கல்ஹோஸ்ட்டை, அதாவது உங்கள் மெஷின் தன்னையே அழைக்கும் பெயரை, பிரவுசர்கள் பாதுகாப்பான முகவரியாகவே நடத்துகின்றன. சர்வீஸ் வொர்க்கர், கேமரா எல்லாம் சும்மா ஓடும். அதே பக்கத்தை லேப்டாப்பின் ஐபி முகவரி வழியாகப் போனில் திறந்தால்தான் கேமரா மறுக்கும். லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் பதில் நீங்களே ஒரு டொமைன் பெயர் வைத்துச் சோதிக்கும்போதும் இதே கதை. (பெயர் வைப்பதென்றால் டாட் டெஸ்ட் வையுங்கள், அது சோதனைக்கென்றே ஒதுக்கப்பட்டது. டாட் டெவ் நிஜமான டொமைன்.)

லோக்கல்ஹோஸ்ட் யாருக்கும் சொந்தமில்லை என்பதால் இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அதற்குச் சான்றிதழ் தராது. ஓபன்எஸ்எஸ்எல் என்ற கருவியை வைத்து நாமே செய்யலாம்தான், ஆனால் 2017இல் வந்த குரோம் 58 முதல், சான்றிதழில் தளத்தின் பெயரை எழுதும் பழைய இடமான ‘காமன் நேம்’ செல்லாது, பழைய டுடோரியல்கள் பல அங்கேயே காலை வாரிவிடும். ஃபிலிப்போ வல்சோர்டா எழுதிய எம்கேசெர்ட் என்ற கருவி போதும். உங்கள் மெஷினில் ஒரு ரூட்டை (மற்ற சான்றிதழ்களுக்குக் கையெழுத்துப் போடும் தலைமைச் சான்றிதழும் அதன் சாவியும்) உருவாக்கி, அதை நம்பச் சொல்லி சிஸ்டத்தில் பதிந்து, வேண்டிய பெயர்களுக்குச் சான்றிதழ் போட்டுத் தரும். நோட் மட்டும் வழக்கமாக சிஸ்டத்தின் பட்டியலைப் பார்க்காது. கூடுதல் சிஏ (சான்றிதழ் வழங்குபவர்) ஃபைலாக ரூட்டின் சான்றிதழைக் காட்டிவிட்டால் சரி, சரிபார்ப்பை அணைக்க வேண்டிய அவசியமே இல்லை.

இனிதான் விஷயம். அந்த ரூட்டின் பிரைவேட் கீ, அதாவது கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி, யார் கையில் சிக்கினாலும் அவர் எந்த வங்கியின் பெயரிலும் சான்றிதழ் தயாரிக்கலாம், உங்கள் பிரவுசர் முணுமுணுக்கக்கூட முணுமுணுக்காது. லெனோவா லேப்டாப்களில் முன்கூட்டியே போடப்பட்டு வந்து, 2015இல் அம்பலமான சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் இதே ரகம்: எல்லா மெஷினிலும் ஒரே ரூட், ஒரே கீ, அந்தக் கீயைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துவிட்டார்கள். டீம் முழுக்க ஒரே கீயை கோடு பகிரும் கிட்டில் (Git) போட்டுப் பகிர்வது அதன் சின்ன வடிவம்தான். ஆளுக்கொரு ரூட் இருக்கட்டும், கட்டளை ஒரு வரிதானே? போனில் சோதிக்க ரூட்டின் சான்றிதழ் மட்டும் போதும், கீ போகக்கூடாது.

ஏற்கெனவே கிட்டில் ஏறிவிட்டதா? ஃபைலை அழித்தால் போதாது, ஹிஸ்டரியில் இருக்கும். அந்த ரூட்டை நம்பும் ஒவ்வொரு மெஷினிலும், போனிலும் அதை நீக்க வேண்டும். எம்கேசெர்ட்டின் அன்இன்ஸ்டால் கட்டளை நம்பிக்கைப் பட்டியலிலிருந்து மட்டும்தான் எடுக்கும். கீ ஃபைல் எம்கேசெர்ட் வைத்த ஃபோல்டரில் அப்படியே கிடக்கும், அதை நீங்கள்தான் அழிக்க வேண்டும்.