தேக்கும் காங்கிரீட்டும் சேரும் இடம்

என் முதல் பெஞ்சில் தேக்குப் பலகையின் இரண்டு முனைகளையும் அச்சுப் பெட்டிகளுக்குள் நிறுத்தி, சுற்றிலும் காங்கிரீட்டை ஊற்றிவிட்டேன். அச்சைப் பிரித்தபோது சாம்பல் நிறக் கல்லுக்குள்ளிருந்து பொன்னிறப் பலகை முளைத்து வந்தது போல இருந்தது. அவ்வளவு அழகு. அந்த வருட அடைமழையிலேயே காலின் மூலையில் ஒரு விரிசல் ஓடியது. அடுத்த கோடையில் பலகைக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவே கனமான அட்டை ஒன்றை நுழைக்கும் அளவுக்குச் சந்து விழுந்தது. கலவையில்தான் கோளாறு என்று நினைத்தேன். கலவை சரியாகவே இருந்தது. மரத்தை அசையவிடாமல் பிடித்து வைத்ததுதான் கோளாறு.

அறுத்து, இழைத்து, பாலிஷ் போட்ட பிறகும் மரம் காற்றோடு ஈரத்தைக் கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டேதான் இருக்கிறது. ஐப்பசி மழையில் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதும், பங்குனி வெயிலில் தானாக இளகுவதும் அதனால்தான். மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிக் கட்டிய நுண்குழாய்களின் கட்டு. குழாய்ச் சுவர்களில் செல்லுலோஸ் நார்கள் பெரும்பாலும் குழாயின் நீளத்தையொட்டியே ஓடுகின்றன. நீர் மூலக்கூறுகள் அந்த நார்களுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்குகின்றன. அதனால் குழாய் தடிக்கிறது, நீளம் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும் அறையில் மரம் தன் எடையில் சுமார் 9 சதவீத நீரோடு நிலைகொள்ளும். காற்றில் ஈரப்பதம் 80ஐத் தொட்டால் மரத்தின் நீர் 15, 16 சதவீதம் வரை ஏறும். தேக்கில் இந்த நீர் ஒவ்வொரு சதவீதம் கூடும்போதும், அடிமரத்தின் வளர்ச்சி வளையங்களைத் தொட்டுச் செல்லும்படி அறுத்த பலகை அகலத்தில் சுமார் 0.2 சதவீதம் விரிகிறது. 40 செ.மீ. அகலப் பலகை என்றால், வறண்ட நாளுக்கும் நனைந்த நாளுக்கும் நடுவே 5 மி.மீ. வரை வித்தியாசம் வரலாம். அதே பலகையின் 120 செ.மீ. நீளத்தில் அரை மி.மீ.கூட வராது. இத்தனைக்கும் தேக்கு நிதானமான மரம். இதைவிட இரண்டு பங்கு ஆடும் மரங்கள் உண்டு.

காங்கிரீட்டும் சுருங்கும். ஆனால் பெரும்பாலும் ஒரே ஒரு தடவை, காய்கிற காலத்தில். அதுவும் சுமார் 0.05 சதவீதம், அதாவது 40 செ.மீ.க்கு 0.2 மி.மீ. அப்புறம் அது ஏறக்குறைய அசையாமல் நின்றுவிடும். ஆண்டுதோறும் 5 மி.மீ. போய்வரும் ஒரு பொருளை அசையாத ஒன்றுக்குள் நான் புதைத்துவிட்டேன்.

விரிசல் விழுந்த காரணம் இப்போது புரியும். காங்கிரீட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். அதன் இழுவலிமை அமுக்குவலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். பள்ளத்துக்குள் இருக்கும் பலகை உப்பும்போது பள்ளத்தின் சுவர்களை வெளியே தள்ளுகிறது. மூலைகள் இழுபட்டுப் பிளக்கின்றன. கோடையில் சந்து விழுந்த காரணம் இதைவிட நுட்பமானது. உப்ப இடமில்லாத மரத்தின் செல்கள், அதாவது அந்த நுண்குழாய்கள், தமக்குள்ளேயே நசுங்கிவிடுகின்றன. பிறகு காயும்போது நசுங்கிய அளவிலிருந்தே சுருங்குவதால், பலகை தொடக்கத்தில் இருந்ததைவிடச் சிறியதாகிவிடுகிறது. சுத்தியலின் மரப்பிடி சில வருடங்களில் தளர்ந்து ஆடுவதும் இதே வழியில்தான்.

சரி, இவ்வளவு சிரமம் எதற்கு? இரண்டையும் சேர்க்க நல்ல காரணம் இருக்கிறது. பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்தால் இருக்கைப் பலகை லேசாக வளைகிறது. மேல்பக்கம் அமுங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. நார் ஓடும் திசையில் வரும் இழுப்பை மரம் அநாயாசமாகத் தாங்கும். கால்களுக்கோ பெரும்பாலும் அமுக்கம் மட்டும்தான், அது காங்கிரீட்டுக்குப் பிடித்த வேலை. தரை ஈரமும் கரையானும் அதை அரிக்காது. எடையையும் பாருங்கள்: 120 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 5 செ.மீ. தடிமனில் ஓர் இருக்கையைக் காங்கிரீட்டில் வார்த்தால் சுமார் 58 கிலோ. தேக்கில் 16 கிலோ. அதனால் கனமும் நிதானமும் கீழே, இலகுவும் கதகதப்பும் மேலே என்று பிரித்துக்கொள்வதே என் வழி. மேசை மேற்பரப்பையே மெலிதான காங்கிரீட்டில் வார்க்கும் மோகம் எனக்கு இல்லை.

அப்படி வார்க்கவே வேண்டுமென்றால் உள்ளே இழுப்பைத் தாங்க ஏதாவது வேண்டும். பாரிஸ் தோட்டக்காரர் ஜோசப் மோனியே 1867இல் காப்புரிமை வாங்கியது, இரும்புக் கம்பி வலை வைத்த சிமெண்ட் செடித்தொட்டிகளுக்குத்தான். இன்றைய மாடிக் கட்டடங்களுக்கெல்லாம் முன்னோடிகளில் ஒன்று, கையால் செய்த ஒரு தொட்டி. ஆனால் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்க அதைச் சுற்றி 2 செ.மீ.யாவது காங்கிரீட் வேண்டும். மெல்லிய பலகையில் அதற்கு இடமில்லை. 1960களில் பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் மஜும்தார் என்ற ஆய்வாளர், சிமெண்டின் காரத்துக்குக் கரையாத சிர்கோனியா (சிர்கோனியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு) கலந்த கண்ணாடி இழையை உருவாக்கினார். இன்று மெல்லிய காங்கிரீட் மேசைகள் பலவற்றில் இருப்பது அந்த வகை இழைதான்.

காரம் என்றதும் வேதியியலுக்கு வந்துவிடுகிறோம். காரத்தின் வலுவைக் காட்டும் பி.எச். அளவு, ஈரமான சிமெண்ட் கலவையில் 12க்கு மேல். வெறுங்கையால் கலக்கினால் தோலை அரிக்கும், மரத்தையும் சும்மா விடாது. கருவேலம் போன்ற துவர்ப்பு மிகுந்த மரங்களில் காரம் பட்ட இடம் கறுக்கும். சாதாரண இரும்பு ஆணியும் ஈரமும் சேர்ந்தால் கருநீலக் கறை படரும். கலம்காரித் துணியில் கறுப்பு பிறப்பது இதே வினையால்தான்: கடுக்காயில் நனைத்த துணி, அதன் மேல் இரும்புக் கரைசல். துணிக்கு அழகு, பெஞ்சுக்குக் கறை. ஆகவே மரம் தொடும் இடமெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்தான் போடுகிறேன்.

மரமும் பதிலுக்கு சிமெண்டைக் கெடுக்கும். ஒரு தடவை பச்சை வாடை போகாத பலகையை அச்சாக வைத்தேன். பிரித்தபோது பலகை தொட்டிருந்த பரப்பு மட்டும் மாவு போல உதிர்ந்தது. மரத்திலிருந்து கசிந்த சர்க்கரைதான் காரணம். சர்க்கரை மூலக்கூறுகள், சிமெண்ட் துகள்மேல் வளரத் தொடங்கும் படிகங்களில் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியை மறிக்கின்றன. சிமெண்ட் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சர்க்கரையே இறுகுவதைப் பல மணி நேரம் தள்ளிப்போடும். நம் ஊரில் பழைய சுண்ணாம்புச் சாந்தில் வெல்லமும் கடுக்காயும் ஊறிய தண்ணீரை ஊற்றினார்களே என்று தோன்றலாம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி இறுகுவது. சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுவது. அதனால் அங்கே நன்மை செய்த வெல்லம் இங்கே கெடுதல். இப்போது அச்சுக்கு மைக்கா ஒட்டிய ப்ளைவுட்தான். உள்ளே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, மூலைகளில் சிலிகோன்.

இரண்டாவது பெஞ்சில் எல்லாவற்றையும் மாற்றினேன். கால்களைத் தனியாக வார்த்தேன். மேல்முகத்தில் நான்கு போல்ட்டுகளை, திருகு வெளியே நிற்கும்படி புதைத்தேன். ஏழு நாள் ஈரச்சாக்குப் போட்டு வைத்து, பிறகு ஒரு மாதம் உலரவிட்டேன். ஈரம் போகாத காங்கிரீட்மேல் பலகையை ஏற்றினால் அடிப்பக்கம் மட்டும் உப்பி, பலகை கோணிவிடும். பலகையை நடுவில் மட்டும் இறுக்கிப் பிடித்தேன். ஓரங்களில் போட்ட துளைகள் வட்டமில்லை, அகலவாக்கில் நீண்ட காடிகள். போல்ட் நின்ற இடத்தில் நிற்கும், பலகை அதைச் சுற்றி நகர்ந்துகொள்ளும். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே 4 மி.மீ. ரப்பர் வாஷர், காற்று புகுந்து வர. தரையிலிருந்து காங்கிரீட் உறிஞ்சும் ஈரமும் பலகையை எட்டாது. எண்ணெயை மேல், கீழ் இரண்டு பக்கமும் சமமாகப் பூசினேன்.

இதில் புதிதாக நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. பழைய வீட்டுப் பேனல் கதவைப் பாருங்கள். சட்டத்தில் காடி எடுத்து, பசை போடாமல் பலகையை நுழைத்திருப்பார் ஆசாரி. பலகை உள்ளே உப்பும், சுருங்கும், வெளியே சட்டம் அளவு மாறாமல் நிற்கும். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்ட் விடுதியும் என் மனதில் நிற்கிறது. 1930களின் பிற்பகுதியில் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டின் வடிவமைப்பில் எழத் தொடங்கிய காங்கிரீட் கட்டடம் அது. அறைக்கதவுகள் தேக்குச் சட்டங்கள் அடுக்கிய சறுக்குக் கதவுகள். அகலமான ஒரே பலகை கிடையாது. ஒவ்வொரு சட்டமும் குறுகியது, அதன் அசைவும் சிறியது. கடலோரக் காற்றுக்கு இதைவிடப் பொருத்தமான கதவை என்னால் நினைக்க முடியவில்லை. அங்கே தங்கி வேலையை நடத்திய ஜார்ஜ் நகாஷிமா, பின்னாளில் அமெரிக்காவில் பெயர்பெற்ற மரச்சாமான் கலைஞர் ஆனார்.

என் பெஞ்சின் காங்கிரீட் காலில், சித்திரை மாதம், பலகையின் ஓரத்தையொட்டி ஒரு பென்சில் கோடு போட்டு வைத்தேன். ஐப்பசியில் குனிந்து பார்த்தபோது கோட்டைக் காணோம். பலகை அதன்மேல் ஏறி நின்றது. மாசி கடைசியில் கோடு மறுபடி வெளியே தெரிந்தது.