கொழும்பு வெயிலும் போன் பற்றரியும்

நண்பகலில் காலி வீதியில் ஓடும் ஓட்டோ ஒன்றின் முன்கண்ணாடியைப் பாருங்கள். தாங்கியில் போன் நிற்கும். திரை முழு வெளிச்சத்தில் வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், கீழே சார்ஜர் வயர் செருகியிருக்கும், நேர் வெயில் முகத்தில் அடிக்கும். பற்றரியின் ஆயுளைக் குறைக்கும் அத்தனையும் அந்த ஒரு சாண் இடத்தில் கூடியிருக்கின்றன.

நம் போன்களில் இருப்பது இலித்தியம் அயன் பற்றரி. சோனி நிறுவனம் 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளமிட்ட குடினஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் 2019இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. பற்றரியின் ஒரு முனையில் கோபால்ட் சேர்ந்த ஒட்சைட்டு, மறுமுனையில் கிராபைட். கேகாலைப் பக்கம் போகலச் சுரங்கத்தில் வெட்டியெடுக்கிறார்களே, அதே பொருள்தான். சார்ஜ் ஏறும்போது இலித்தியம் அயன்கள், அதாவது மின்னேற்றம் கொண்ட இலித்தியம் அணுக்கள், இடையிலுள்ள திரவத்தைக் கடந்துவந்து கிராபைட் அடுக்குகளுக்குள் புகுகின்றன. பாவிக்கும்போது திரும்பிப் போகின்றன.

இந்தப் போக்குவரத்தில் சேதாரம் உண்டு. கிராபைட்டின் மேல் திரவம் சிதைந்து மெல்லிய படலமாகப் படிகிறது. அந்தப் படலம் வேண்டியதுதான். அது இல்லாவிட்டால் திரவம் ஓயாமல் சிதைந்துகொண்டே போகும். ஆனால் அது தடிக்கத் தடிக்க, கொஞ்சம் கொஞ்சமாக இலித்தியம் அதற்குள் சிறைப்படுகிறது. சிறைப்பட்டது மீளாது. இரண்டு மூன்று வருடங்களில் "சார்ஜ் நிக்குதில்லை" என்று கடைக்குப் போகிறோமே, பெரும்பாலும் இதனால்தான்.

படலத்தை வேகமாகத் தடிக்கவைப்பது வெப்பம். 10 பாகை கூடினால் இரசாயனத் தாக்கத்தின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுக்கணக்கு. ஆப்பிள் தன் போன்களை 0 முதல் 35 பாகை செல்சியசுக்குள் பாவிக்கச் சொல்கிறது. கொழும்பின் பகலோ வருடம் முழுக்க நிழலிலேயே 30, 31 பாகை. நமக்கு மிச்சம் நாலைந்து பாகைதான். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் அது சிறிது நேரத்திலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது, நிறைந்த சார்ஜ். மாலையில் புறக்கோட்டையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் முதலில் ஏறுபவர்கள் சட்டென்று அமர்வார்கள், கடைசியில் வருபவர்கள் இடிபட்டுத்தான் நுழைய வேண்டும். பற்றரியிலும் கடைசி 20 வீதம் மெதுவாக ஏறுவது அப்படித்தான். 100 வீதத்தில் மின்னழுத்தம் உச்சத்தில் நிற்க, திரவமும் ஒட்சைட்டும் விரைவாகச் சீர்கெடுகின்றன. இரவு முழுக்கச் சார்ஜில் போட்டுத் தலையணைக்கடியில் வைத்தால் வெப்பமும் நிறைந்த சார்ஜும் ஒன்றாகச் சேர்ந்து தாக்கும். ஐபோன் 15இலும் அதற்குப் பிந்திய ஐபோன்களிலும் பல அன்ட்ரொயிட் போன்களிலும் 80 வீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள். தடித்த கவரைச் சார்ஜ் ஏற்றும்போது கழற்றுங்கள். ஓட்டோக்காரர்கள் தாங்கியை வெயில் படாத பக்கம் தாழ்த்தி, நிழலில் ஹயருக்குக் காத்திருக்கும்போது சார்ஜ் ஏற்றினாலே பெரிய வித்தியாசம்.

மாதம் ஒருமுறை 0 வரை இறக்க வேண்டும் என்பது பழைய நிக்கல் கட்மியம் பற்றரிக்குச் சொன்ன பேச்சு. இலித்தியத்துக்கு அது கெடுதல்.

பின்மூடி மேலெழுந்தாலோ திரை விளிம்பில் இடைவெளி தெரிந்தாலோ, உள்ளே வாயு சேர்ந்து பற்றரி வீங்கியிருக்கிறது. அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். சார்ஜ் ஏற்றாமல், போனை நிறுத்தி, அன்றைக்கே கடையில் கொடுத்து மாற்றுங்கள்.