நிற்கையில் கொதிக்கும் காரும் ஓடுகையில் கொதிக்கும் காரும்

1957இல் தயாரிப்பு தொடங்கி 2014இல் நின்றுபோன அம்பாசடர் கார்கள் இன்றும் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கங்களில் கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் பயணத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எஞ்சின் சூடாகிறது என்று பட்டறைக்கு வரும் இத்தகைய வண்டிகளில் வாட்டர் பம்ப், ரேடியேட்டர், எஞ்சின் சூடேறும்வரை நீரோட்டத்தை மூடிவைக்கும் வால்வான தெர்மோஸ்டாட் என்று ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதற்கு முன், வண்டி எப்போது கொதிக்கிறது என்று உரிமையாளரிடம் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பெட்ரோலை எரிப்பதில் பிறக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகக் குளிர்விக்கும் நீரில் இறங்குகிறது. வாட்டர் பம்ப் அந்த நீரை எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சுற்றவிடுகிறது; ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே புகுந்து செல்லும் காற்று வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஆகவே கோளாறு பெரும்பாலும் நீரோட்டத்தில் இருக்கும், இல்லையேல் காற்றோட்டத்தில் இருக்கும்.

ரயில்வே கேட்டிலோ கும்பகோணத்துக் கடைத்தெருவிலோ நிற்கும்போது வெப்பமானியின் முள் ஏறி, நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் இறங்கினால், காற்றோட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஓடும் வண்டிக்குள் காற்று தானே புகுந்துவிடும்; நிற்கும் வண்டிக்கு விசிறி ஒன்றே கதி. அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1489 சி.சி. எஞ்சினில் அந்த விசிறியை எஞ்சினே பெல்ட் வழியாகச் சுழற்றுவதால், எஞ்சின் மெதுவாக ஓடும்போது விசிறியும் மெதுவாகவே சுழலும். அந்த நிலையில் பெல்ட் தளர்ந்து வழுக்கினால் சொல்லவே வேண்டாம். டெல்டாவில் இன்னொரு காரணமும் சேர்கிறது. அறுவடைக் காலத்தில் சாலையோரம் தூற்றும் நெல்லிலிருந்து பறக்கும் பதரும் சுணையும், இரவில் வயலோரச் சாலைகளில் விளக்கொளிக்கு வரும் தத்துப்பூச்சிகளும் ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே அப்பிக்கொள்கின்றன. முன்னாலிருந்து வேகமாகத் தண்ணீர் அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும். எஞ்சின் ஆறிய பிறகு அதன் பக்கமிருந்து முன்புறமாக, தகடுகள் மடங்காத அளவு மெதுவாக அடிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, நின்றால் அடங்கியிருந்து அறுபது கிலோமீட்டர் வேகத்தில் முள் ஏறும் வண்டியில் நீரோட்டம் தடைப்பட்டிருக்கிறது. வேகம் கூடக்கூட எஞ்சின் தரும் வெப்பம் கூடுகிறது. பாதி அடைத்த குழாய்களால் அதற்கு ஈடு கொடுக்க முடிவதில்லை. இங்கே முதல் குற்றவாளி நாம் ஊற்றும் போர் தண்ணீர்தான். கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடுபட்டதும் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. வெந்நீர் அண்டாவின் உட்புறம் வெளுப்பதும் இதனால்தான். வெப்பத்தைக் கடத்துவதில் இந்தப் படிவு வார்ப்பிரும்பின் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆவியாகும் நீருக்கு ஈடாக மீண்டும் மீண்டும் அதே நீரை ஊற்றும்போது உப்பு மட்டும் உள்ளே சேர்ந்துகொண்டே போகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் உவர்நீரின் குளோரைடு இரும்பையும் அரிக்கிறது. அந்தத் துரு எஞ்சின் பிளாக்கின் அடிப்பகுதியில் சேறாகத் தங்கிவிடும்.

எஞ்சினை நிறுத்தி, விசிறி நின்றபின், வெந்துவிடாமல் ரேடியேட்டரின் முகப்பில் கையை எச்சரிக்கையாக நகர்த்திப் பார்த்தால், அடைத்த இடம் மற்ற இடங்களைவிடக் குளிர்ந்திருப்பது தெரியும். பித்தளை ரேடியேட்டரின் நல்ல குணம், அதைப் பிரித்துப் பழுதுபார்க்கலாம் என்பது. மேல்தொட்டியின் ஈயப்பற்றை உருக்கித் திறந்து, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டுக் குடைந்து, மீண்டும் பற்றவைப்பார்கள். இது தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன என்பதால், நல்ல ரேடியேட்டர் கடையைக் கண்டால் விடக்கூடாது. கீழ் ஹோஸையும் பார்த்துவிட வேண்டும்: பம்ப் இழுக்கும் பக்கம் அது என்பதால், ரப்பர் தளர்ந்திருந்தால் வேகத்தில் உள்நோக்கிச் சப்பி வழியை அடைத்துவிடும். வண்டி நின்றதும் பழைய வடிவுக்கு வந்து ஒன்றுமறியாததுபோல் இருக்கும்.

சூடு என்றாலே தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுவது நம் ஊர்ப் பழக்கம். மூடியபடி சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டை நீக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த இடத்தை வெறுமையாக விட்டால் எஞ்சின் உரிய சூட்டை அடையவே நேரமாகி, பெட்ரோல் வீணாகும், சிலிண்டர் தேய்மானமும் கூடும். உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறப்பதே அதன் வேலை என்பதால், பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுக் காய்ச்சினால், பெரும்பாலானவற்றில் 82 டிகிரி செல்சியஸை ஒட்டி அது திறப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

நின்றாலும் ஓடினாலும் ஒரே மாதிரி சூடேறினால் நெருப்புப் பக்கம் திரும்ப வேண்டும். சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரில் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பின்தங்கினால் எரிதல் தாமதமாகி, உந்துவிசையாக வேண்டிய வெப்பம் சிலிண்டர் சுவரிலும் புகைவழியிலும் இறங்கும். எஞ்சினின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போயிருந்தால், ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஆறிய எஞ்சினை ஓடவிடும்போது ரேடியேட்டரில் குமிழ்கள் விடாமல் எழும்.

அந்த மூடியும் ஓர் உறுப்புதான். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் காக்கும் மூடி, நீரின் கொதிநிலையை 100 டிகிரியிலிருந்து ஏறக்குறைய 111 டிகிரிக்கு உயர்த்துகிறது; ஸ்பிரிங் தளர்ந்தால் அந்த இடைவெளி போய்விடும். சூடான எஞ்சினில் அதைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழுந்து, 100 டிகிரியைத் தாண்டிய நீரில் ஒரு பகுதி அந்தக் கணமே ஆவியாகி முகத்தில் அடிக்கும். காத்திருந்து திறந்த பிறகும், கொதித்த வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் விரிசல் விடலாம். முற்றிலும் ஆறியபின் ஊற்றுவதற்கு, காய்ச்சி வடித்த நீரோடு அளவாகக் கலந்த கூலண்ட் என்னும் குளிர்விப்புத் திரவமே சிறந்தது. பனி உறையாத இந்த ஊரில் அதன் பயன் துருவைத் தடுப்பதிலும் கொதிநிலையைச் சற்று உயர்த்துவதிலும் இருக்கிறது.